இடுப்பில் கட்டிய காற்று

திருவாரூர் பக்கம் வெல்டிங் வேலை பார்க்கிறேன். புகையால் இருமல் விடாததால், போன வருடம் புது ஹெல்மெட் வாங்கினேன். பொறி கிளம்பியதும் கண்ணாடி தானாகக் கறுத்துவிடும். இடுப்பில் கட்டும் சின்ன ஃபேன் புகையை வடிகட்டி முகத்துக்குக் காற்று அனுப்பும். இருமல் நின்றது. தைரியமும் கூடிப்போனது.

குறுவை அறுவடை முடிந்த சமயம். ஓர் அரிசி ஆலையில் நெல் ஊறவைக்கும் இரும்புத் தொட்டியின் அடியில் விரிசல். தண்ணீரை வடித்திருந்தார்கள், புளித்த நெல் மட்டும் அடியில் கிடந்தது.

"ஒரு நாள் ஆறட்டுங்க, அப்புறம் இறங்குங்க" என்றார் ஆலையில் வேலை பார்க்கும் செல்வி.

"எனக்குக் காத்து இதுலேயே வருதும்மா" என்று இடுப்பைத் தட்டிக் காட்டிவிட்டு ஏணியில் கால் வைத்தேன்.

"அது காத்தை எங்கேருந்துங்க எடுக்கும்?"

"சுத்தி இருக்கறதைத்தான்."

"அப்ப தொட்டிக்குள்ள இருக்கறதைத்தானே குடுக்கும்?"

கிணற்றில் தூர் வார இறங்கும்முன் செய்வதுபோல, செல்வி ஒரு விளக்கை ஏற்றி வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதி ஆழத்திலேயே அணைந்துவிட்டது. ஏணியிலிருந்து காலை எடுத்துக்கொண்டேன்.

ஃபேன் புகையை வடிகட்டும். நெல் புளிக்கும்போது தீர்ந்துபோன பிராணவாயுவை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இப்போதெல்லாம் மீட்டர் வைத்து உள்ளே காற்றை அளக்காமல், வெளியே ஓர் ஆளை நிறுத்தாமல் எந்தத் தொட்டியிலும் இறங்குவதில்லை. ஹெல்மெட் வாங்கிய அன்று, கண்ணாடி எவ்வளவு வேகமாகக் கறுக்கும் என்று கடைக்காரரைத் துளைத்தெடுத்தேன். செல்வி கேட்டதை மட்டும் கேட்கவில்லை.