பட்டியலில் இல்லாத கம்பெனி

என் சகலையைப் பத்திச் சொல்லணும்னா வயித்தெரிச்சலோடதான் சொல்ல முடியும். என் பொண்டாட்டியோட தங்கச்சி புருஷன். ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பரிசோதிக்கிற வேலை. பால் பாக்கெட் வாங்கினாக்கூட தேதியை ரெண்டு தடவை பாத்துட்டுத்தான் பையில போடுவான். நான் வச்ச பேரு 'டெஸ்ட்டு'.

நான் பம்ப் கம்பெனியில இருபத்திரண்டு வருஷம் லேத் ஓட்டினவன். அதை இழுத்து மூடிட்டாங்க. இப்போ அபார்ட்மென்ட் வாசல்ல செக்யூரிட்டி. மாமியார் வீட்டுக்குப் போனா அவனுக்கு, "சின்ன மாப்பிள்ளை, ஃபேனுக்குக் கீழ உக்காருங்க." எனக்கு, "பெரிய மாப்பிள்ளை, அந்த ஃபேன் சுவிட்சைக் கொஞ்சம் போடுங்க." பத்திக்கிட்டு வராதா?

ஒரு ஞாயித்துக்கிழமை மாமியார் வீட்டுக்கு லேப்டாப்போட வந்தான். ஷேர் வாங்க ஒரு விதி கண்டுபிடிச்சிருக்கானாம். பெரிய கம்பெனி ஷேர் பாதி விலைக்கு விழுந்தா வாங்கணும், ரெண்டு வருஷம் கழிச்சு விக்கணும். அவ்வளவுதான். சும்மா நம்பிடுவானா? நூறு கம்பெனியோட பத்து வருஷத்துப் பழைய விலையை எடுத்து, அப்பவே இந்த விதிப்படி வாங்கியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எட்டு மாசம் சோதிச்சுப் பாத்திருக்கான். திரையில லாபத்தைக் காட்டுற கோடு மாடிப்படி மாதிரி ஏறிக்கிட்டே போச்சு.

"வீடு வாங்கச் சேர்த்ததை மொத்தமா நாளைக்கு இதுல போடுறேன்ணே."

மாமியார் முகத்தைப் பாக்கணுமே! என் பொண்டாட்டி என்னைப் பாத்த பார்வையை விடுங்க.

குத்தம் கண்டுபிடிக்கணும்னே அந்த நூறு கம்பெனி பேரையும் படிச்சேன். எங்க கம்பெனி இல்ல. எங்க ஷேரும் சந்தையில ஓடினதுதான். பாதிக்கு விழுந்துச்சு, அப்புறம் எந்திரிக்கவே இல்ல.

"இந்தப் பட்டியல் ஏது?"

"இன்னைக்குச் சந்தையில இருக்கிற பெரிய கம்பெனி நூறுண்ணே."

புரிஞ்சுபோச்சு. வாயை இறுக்கி மூடிக்கிட்டேன். போடட்டும், விழட்டும், ஒரு நாள் நானும் ஃபேனுக்குக் கீழ உக்காருறேன். ஆமா, அப்படித்தான் நினைச்சேன். அசிங்கம்தான்.

மாமியார் சும்மா இருந்திருக்கலாம். "பெரிய மாப்பிள்ளைக்கும் இப்படி மூளை ஓடியிருந்தா, வாசல்ல நின்னு கேட் திறக்க வேண்டியிருக்குமா?"

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு.

"தம்பி, நூறு பேருக்கு மருந்து கொடுத்து, பிழைச்சவனை மட்டும் எண்ணிட்டு அருமையான மருந்துன்னு சொன்னா உன் லேப்ல ஒத்துக்குவாங்களா? விழுந்து செத்த கம்பெனியெல்லாம் எங்க? எங்க கம்பெனி எங்க?"

அவன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. எனக்கு உள்ளுக்குள்ள அப்படி ஒரு குளுகுளுப்பு.

மறுநாள் அவன் பணம் போடல. மூடின கம்பெனிங்க விலையெல்லாம் தேடிச் சேர்த்து, மறுபடி சோதிச்சிருக்கான். அடுத்த மாசம் வந்தப்போ அதே கோடு தரையில படுத்துக் கிடந்துச்சு.

"அண்ணன் சொல்லலைன்னா வீட்டுக்குச் சேர்த்த காசு போயிருக்கும்"னு எல்லார் முன்னாடியும் சொன்னான்.

மாமியார் உருகிட்டாங்க. "சின்ன மாப்பிள்ளைக்கு எவ்வளவு பெருந்தன்மை பாருங்க!"

அட கடவுளே!

அவன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினான். புதுப் பட்டியல்ல முதல் வரி எங்க கம்பெனி, பக்கத்துல அதை மூடின தேதி.

"அண்ணே, கடைசி நாள் இதுதானே? அன்னைக்கு நீங்க வேலைக்குப் போயிருந்தீங்களா?"

போயிருந்தேன். மிஷினைத் துடைச்சு வச்சுட்டுத்தான் வந்தேன். மூடி நாலு வருஷமாச்சு, வீட்ல ஒருத்தரும் அந்த நாளைப் பத்திக் கேட்டதில்ல. கேட்டதும் இவனாத்தான் இருக்கணுமா?