ஓடையில் தண்ணீர் இறங்கவில்லை

எங்கள் அப்பாவுக்கு வானம் பார்க்கத் தெரியும் என்பதை முள்ளுக்குறிச்சியில் அவர் ஒருவர் மட்டும்தான் நம்பினார். அன்று விடிகாலையில் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொட்டு மேகமில்ல, கெளம்புங்க" என்றார். ஐப்பசி மாதம். அம்மா புளிச்சோற்று மூட்டையின் மேல் இன்னொரு வாழையிலையைச் சுற்றினாள்.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. கொல்லிமலைக்கு ரோடு கிடையாது, நடந்துதான் ஏற வேண்டும். அப்பா, அம்மா, அத்தை, ஏழு வயது நான், ஆக நான்கு பேர். நான் அழுது புரண்டு ஒட்டிக்கொண்டவள். எனக்கு அது திருவிழா. பெரியவர்களுக்கு அப்படி இல்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான மறுவருஷம் மாமா மலைமேல் அரியூர் நாட்டில் மிளகுத் தோட்டம் பிடித்து அவளையும் மேலே அழைத்துப் போனார். அங்கே அவளுக்கு மலைக்காய்ச்சல் கண்டது. அப்பா போய்க் கூட்டி வந்தார், உடம்பு தேறிய பிறகும் திருப்பி அனுப்பவில்லை. கேட்க வந்த மாமாவோடு பெரிய வாய்ச்சண்டை. எட்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது அத்தையின் சீர்ப் பாத்திரங்களைத் திருப்பி எடுத்துவரப் போகிறோம். சீர்ப் பாத்திரம் வீடு திரும்பிவிட்டால் அந்த உறவு அறுந்தது என்று அர்த்தம். எது அவளுடையது என்று அடையாளம் காட்ட அத்தையும் வரவேண்டியிருந்தது.

பாதி மலையில் மஞ்சு, அதுதான் மூடுபனி, இறங்கியது. முன்னால் போகும் அப்பாவின் தலைப்பாகை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. அடுத்து மழை. அடேயப்பா, அப்படி ஒரு மழையை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை!

"மேகமே இல்லைன்னீங்க?" என்றாள் அம்மா.

"இது கீழ இருந்து பாத்தாத் தெரியற மேகமில்ல" என்றார் அப்பா, கொஞ்சமும் அசராமல்.

மாமா வீட்டுக்கு முன்னால் ஒரு ஓடை. நாங்கள் கடந்தபோது முழங்கால் தண்ணீர். வீட்டுக்குள் நுழைந்து திரும்பிப் பார்ப்பதற்குள் செந்நிறமாகப் புரண்டு ஓடியது. இனித் திரும்பிப் போக வழியில்லை.

மாமா அப்பாவிடம் பேசவில்லை. என்னிடம் பேசினார். "உங்கப்பாருக்கு வெந்நி வேணுமான்னு கேளு சாமி." அப்பாவும் என்னிடமே, "வேண்டாம்னு சொல்லு" என்றார். இரண்டடி தூரத்தில் இருந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் தபால்காரியாக ஓடினேன். அத்தை மட்டும் யாரையும் கேட்காமல் அடுப்படிக்குப் போய்த் தீ மூட்டினாள்.

மறுநாளும் விடாத மழை. கூரை ஒழுகி, மூலையில் அடுக்கியிருந்த சீர் அண்டாவுக்குள்ளேயே சொட்டியது. அப்பா எவ்வளவு நேரம்தான் பொறுப்பார்? "என்ன மாப்ள, கூரை வேய்ஞ்ச லட்சணம் இது?" என்று கத்திவிட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவர் மாமாவிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"மச்சானுக்குத் தெரிஞ்சா வந்து வேயட்டுமுங்களே!"

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. இருவரும் கூரைமேல் ஏறிப் புல் வேய்ந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டேதான். அடுப்படியில் அத்தை எதற்கோ சிரித்தாள். எங்கள் வீட்டில் இருந்த எட்டு மாதத்தில் அவள் ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அப்பாவின் கை கொஞ்சம் நின்றது. பிறகு குனிந்து, "கண்ணு, ஓடைல தண்ணி எறங்கிப் பெரிய கல்லு தெரியுதான்னு மேட்டுல நின்னு பாத்துட்டு வா. தெரிஞ்சாக் கெளம்பீரலாம்" என்றார்.

கீரை பறிக்கிற சாக்கில் அத்தையும் கூட வந்தாள். கல் பளிச்சென்று தெரிந்தது. நடுவில் ஒரு குருவி வேறு உட்கார்ந்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அத்தை என் தோளைப் பிடித்தாள்.

"கல்லு தெரியலன்னு சொல்லீரு சாமி."

"பொய் சொன்னா சாமி கண்ணக் குத்துமே அத்தை?"

"அத்தை கும்புட்டுக்கறேன். குத்தாது."

ஒரு கிண்ணம் மலைத்தேனும் தருவதாகச் சொன்னாள். அத்தைமேல் இருந்த பாசத்தால்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். தேனுக்காகத்தான் ஒப்புக்கொண்டேன்.

நாங்கள் திரும்பியபோது, அடிவாரத்திலிருந்து உப்பு மூட்டை சுமந்து வந்த ஓர் ஆள் வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். அந்த ஓடையைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் ஈரமே இல்லை. அப்பா அவனோடு கொஞ்ச நேரம் ஊர்ச் சங்கதி பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"கல்லு தெரியுதா கண்ணு?"

"இல்லீங்கப்பா. தண்ணி நெறையாப் போவுது."

உப்புக்காரன் வாயைத் திறந்தான். அப்பா அவனுக்கு இன்னொரு சொம்பு தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அதற்கடுத்த நாளும் அப்பா கேட்டார், நானும் அதையே சொன்னேன். அன்று ராத்திரி மாமாவும் அப்பாவும் ஒரே வட்டிலில் மொச்சை உரித்தார்கள்.

ஐந்தாம் நாள் நாங்கள் மூவர் மட்டும் இறங்கினோம். அண்டா, குடம், குத்துவிளக்கு எதுவும் எங்களோடு வரவில்லை, அத்தையும் வரவில்லை. காய்ச்சல் காலத்தில் அவளைக் கீழே அனுப்பி வைப்பதாக மாமா அப்பாவின் கையைப் பிடித்துச் சொன்னார். ஓடையில் என் கணுக்கால்கூட முழுசாக நனையவில்லை. அகப்பட்டுக்கொண்டோம் என்று அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் நடுஓடையில் நின்று, "இன்னைக்குத்தான் எறங்கியிருக்குது போல" என்றார். "அத்தன வெள்ளத்துல பாத்தரத்த எப்படித் தூக்கிட்டு வர்றது? ஊருல யாராச்சுங் கேட்டா நீயுஞ் சொல்லு கண்ணு." அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் போய்விட்டாள்.

இவ்வளவு பெரிய அப்பாவுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது. அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சொல்றேனுங்கப்பா" என்றேன்.