டர்பைன் காரின் சத்தம்

2009 மே மாதம். ஸ்ட்ரெதமில் நான் பராமரித்துவந்த துரை ஐயா, இளவயதில் இந்த வெள்ளைக்கார நாட்டில் விமான எஞ்சின் போன்ற டர்பைனில் ஓடும் பரிசோதனைக் காரைச் செய்தவர்களில் ஒருவர். அதைப் பார்க்க ஆசைப்பட்டார். சக்கர நாற்காலியில் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன்.

காரைக் கண்டதும் கண் கலங்கினார்.

"எண்ணெயைக் கண்டபடி குடிக்குது எண்டு நிப்பாட்டிட்டாங்கள். என்னோடை வேலை செய்த ஒருத்தரும் இப்ப இல்லை. இதின்ரை சத்தத்தை ஆரிட்டைச் சொல்லுறது?"

"எனக்குச் சொல்லுங்கோ ஐயா."

உதட்டைக் குவித்து, நீளமாக விசிலடித்தார். பாதியில் மூச்சு வாங்கியது.

ஊரில், போர் நடந்த வன்னியில், என் தம்பி ஷெல் குண்டு விழுந்து செத்த செய்தி அதற்கு முந்தின வாரம்தான் வந்திருந்தது. அது அவருக்கும் தெரியும்.

"உன்ரை தம்பி எப்பிடிச் சிரிப்பான், பிள்ளை?" என்று கேட்டார்.

எப்படிச் செத்தான் என்றுதான் மற்ற எல்லோரும் கேட்டிருந்தார்கள். அவனைப் போலச் சிரித்துக்காட்டத் தொடங்கி, முடிக்க ஏலாமல் அழுதேன். துக்கம் விசாரிப்பது எப்படியென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.