பெண்களுக்கான பாதுகாப்பான இடம்

ஓர் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கூரையை அண்ணாந்து பார்க்கும் மனிதரை அவரைத் தவிர நான் வேறு எங்கும் கண்டதில்லை. 1991ஆம் ஆண்டு, கல்லூரி திறந்த புதிதில், என் அலுவலக அறைக்கு அவர் முதன்முறையாக வந்த காட்சி இன்னும் கலையாமல் இருக்கிறது. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். நாற்காலியைச் சன்னலிலிருந்து இழுத்து உள்சுவரை ஒட்டிப் போட்டார். போட்டுவிட்டு, அதிலும் உட்காராமல் நின்றபடியே பேசினார். கட்டடவியல் துறைத் தலைவர் அவர். நாற்பத்தைந்து வயதிருக்கும் பெண்மணி. ஏதாவது புயலில் வீட்டையோ ஆளையோ இழந்தவராக இருக்க வேண்டும் என்று எங்களில் பலர் நினைத்தோம். ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கணக்கு அப்படி வருது. தெரிஞ்சப்புறம் எப்படிச் சும்மா உக்கார முடியும்?" என்றார்.

நான் அங்கே போக்குவரத்துப் பொறுப்பாளன். பேருந்துகள் எந்த வழியாக வர வேண்டும், யார் எங்கே ஏற வேண்டும், எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் என் வேலை. பேருந்தின் முன்பகுதி பெண்களுக்கு, பின்பகுதி ஆண்களுக்கு. இடையில் ஒரு வரிசை காலியாக இருக்கும். அந்த வரிசையில் நான் உட்கார்ந்து வருவேன். கல்லூரியும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தது. மாடிக்கு இரண்டு படிக்கட்டுகள், இரண்டு குடிநீர்த் தொட்டிகள், நூலகத்தில் இரண்டு மேசைகள்.

கல்லூரி பென்னலூரைத் தாண்டி, பெங்களூர் நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்தது. இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தொழிற்சாலைச் சுவர்களைத் தவிர எதுவும் தெரியாது. அன்று சுற்றிலும் பொட்டல். காற்றைத் தடுக்க ஒரு தோப்புகூட இல்லை. வகுப்புகள் நடந்தது கான்கிரீட் கட்டடத்தில். அதன் தரைத்தளத்தின் நடுவே, இருபுறமும் ஆய்வகங்கள் சூழ, வெளிச்சன்னல் எதுவும் இல்லாத நீண்ட தாழ்வாரம் ஒன்று ஓடியது. பின்புறம் பெரிய கூடம். இரும்புச் சட்டங்களின்மேல் சிமெண்ட் ஷீட் போட்டு, கொக்கி போல்ட்டால் முடுக்கிய கூரை. தேர்வு, பிரார்த்தனை, ஆண்டுவிழா எல்லாம் அங்கேதான். சாதாரணக் காற்றுக்கே அந்த ஷீட்டுகள் தடதடக்கும்.

நூலகத்துக்கு வரும் அமெரிக்க இதழ் ஒன்றில் அந்த ஊர்க் கல்லூரிகள் டொர்னாடோ என்னும் சூறைச்சுழலுக்கு எப்படித் தயாராகின்றன என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டு, எங்கள் கட்டடத்துக்கும் ஒரு திட்டம் வரைந்தார். திட்டம் மிக எளியது. வானம் கறுத்துக் காற்று எழுந்தால் நீளமாக மணி அடிக்க வேண்டும். எல்லோரும் தரைத்தளத் தாழ்வாரத்துக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். கூடத்துக்குள் யாரும் போகக் கூடாது. மாணவர்கள் அவருக்கு 'டொர்னாடோ மேடம்' என்று பெயர் வைத்தார்கள். "மேடம், டொர்னாடோ படப்பை வந்திருச்சாம், டீ குடிச்சிட்டு வருதாம்" என்று பின்னால் குரல் கேட்கும். "வரட்டும். நீ அதுக்குள்ள அசைன்மெண்ட குடு" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார்.

முதல்வர் திட்டத்தைப் படித்தார். நல்லவர்தான். அரசு பாலிடெக்னிக்கில் ஓய்வுபெற்று வந்தவர். ஆனால் சேர்க்கையின்போது அவர் ஒவ்வொரு தகப்பனிடமும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மணிமங்கலத்திலிருந்து வந்த நெல் மில் மேஸ்திரி ஒருவர், மகளின் மதிப்பெண் பட்டியலை மடியில் வைத்துக்கொண்டு, கையெழுத்துப் போடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். அந்தக் குடும்பத்தில் பள்ளி முடித்த முதல் பெண் அவள். "எந்த நேரத்துலயும் பசங்க கூட நிக்க வெக்க மாட்டீங்களே சார்? எங்க ஊரு வாயி பொல்லாதது" என்று மேஸ்திரி கேட்டார். முதல்வர் மேசைமேல் கை வைத்து, "எந்த நேரத்துலயும் மாட்டோம்" என்றார். அந்த வாக்கு இல்லாவிட்டால் அந்த ஆண்டு அங்கே பெண்களே சேர்ந்திருக்க மாட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆகவே அறிவிப்புப் பலகையில் திட்டம் ஒட்டப்பட்டபோது அதில் ஒரு திருத்தம் இருந்தது. ஆண்கள் தாழ்வாரத்துக்கு, பெண்கள் கூடத்துக்கு.

துறைத் தலைவர் அதைப் பார்த்துவிட்டு நேராக முதல்வர் அறைக்குப் போனார். நான் டீசல் ரசீதுகளோடு அங்கே நின்றிருந்தேன். "சார், இருக்கறதுலயே மோசமான இடம் அந்தக் கூடம்தான். எங்க போகக் கூடாதுன்னு எழுதினேனோ அங்கேயே அனுப்புறீங்களே." முதல்வர் சிரித்தார். "நம்ம ஊர்ல டொர்னாடோ எங்கம்மா வரப்போகுது? ஆனா பொண்ணைப் பெத்தவன் தினமும் வருவான்." அதற்கு மேல் அவர் இறங்கி வரவில்லை. அன்றிலிருந்து துறைத் தலைவர் இன்னும் நிலைகொள்ளாமல் ஆனார். வகுப்பு நடத்தும்போது நடுநடுவே வெளியே வந்து மேற்கே பார்ப்பார். சாப்பாட்டு நேரத்தில் கூடத்தைச் சுற்றி நடப்பார். அவர் நடையைப் பார்த்து எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியது. பேருந்துகளை ஒழுங்காக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்க வேண்டியவன், ஷீட் தடதடக்கும்போதெல்லாம் எழுந்து நின்றேன்.

புரட்டாசியில் ஒருநாள் பிற்பகல் அது வந்தது. காலையிலிருந்து இலை அசையாத புழுக்கம். பிறகு மேற்கே ஒரு மண்நிறச் சுவர் எழுந்து நடந்து வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் பலகையில் கண்டபடியே செய்தார்கள். ஆண்கள் தாழ்வாரத்துக்கும், பெண்கள் வரிசையாகக் கூடத்துக்கும் போனார்கள். மின்சாரம் போய்விட்டது. மாடியிலிருந்து துறைத் தலைவர் புடவையைத் தூக்கிச் செருகியபடி ஓடி வந்தார். ஆண்கள் படிக்கட்டில் ஓடி வந்தார் என்பது பிறகு பெரிய பேச்சாயிற்று. பேருந்துக் கண்ணாடிகளை மூடச் சொல்லிக்கொண்டிருந்த நான் அவர் பின்னால் ஓடினேன்.

கூடத்து வாசலில் நின்று, "எல்லாரும் வெளிய வாங்க! தாழ்வாரத்துக்கு ஓடுங்க!" என்று கத்தினார். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அசையவில்லை. முன்வரிசையில் அந்த மேஸ்திரியின் மகள் இருந்தாள். "அங்க பசங்க கீறாங்க மேடம். எங்கப்பா திட்டுவாரு" என்றாள்.

"திட்டட்டும். திட்டு வாங்கறதுக்கு நீ இருக்கணுமில்ல? எழுந்திரு!"

கையைப் பிடித்து இழுத்தார். அவள் எழுந்ததும் மற்றவர்கள் எழுந்தார்கள். தாழ்வாரத்தில் ஆண்களை ஒரு சுவரோரமாக ஒதுக்கினோம். பெண்கள் எதிர்ச்சுவரோரம் உட்கார்ந்தார்கள். நடுவே ஓர் ஆள் நடக்கும் அளவு இடைவெளி. எப்போதும்போல அங்கே நான் நின்றேன். இருட்டில் யாரோ, "மேடம், அட்டென்டன்ஸ் உண்டா?" என்று கேட்டான். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்புறம் ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து கற்பலகைகளை மொத்தமாகச் சரித்ததுபோல. அது நிற்காமல் நீண்டது. பெண்கள் அழுதார்கள். ஆண்களில் ஒருவன் உரக்கச் சாமி பெயரைச் சொன்னான். துறைத் தலைவர் மட்டும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் குனிந்து நடந்து, "தலை கீழ, தலை கீழ" என்று ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே போனார்.

மழை விட்டபிறகு போய்ப் பார்த்தோம். கூடத்தின் பாதிக்கு மேல் வானம் தெரிந்தது. ஷீட்டுகள் உடைந்து நாற்காலிகளின்மேல் கத்திகளாகச் செருகியிருந்தன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. முதல்வர் வாசற்படியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அன்றோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை மணிமங்கலம் நிறுத்தத்தில் அந்தப் பெண் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பின்வரிசைப் பையன்கள் ஊரில் கதை சொல்லியிருந்தார்கள். கூரை பறந்த கதை நடுவழியிலேயே தேய்ந்துபோய், இருட்டில் பையன்களும் பெண்களும் ஒன்றாக உட்கார்ந்த கதை மட்டும் ஊர் போய்ச் சேர்ந்திருந்தது. மேஸ்திரி மகளை வீட்டோடு நிறுத்திவிட்டார். துறைத் தலைவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. அதில் கூரையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் அதை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, "தம்பி, மணிமங்கலம் வழி உங்களுக்குத் தெரியுமில்ல?" என்று என்னிடம் கேட்டார்.

மேஸ்திரியின் வீட்டில் எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். அந்தப் பெண் உள்ளே கதவோரம் நிற்பது தெரிந்தது. துறைத் தலைவர் நடந்ததையெல்லாம் சொன்னார். மேஸ்திரி தலை குனிந்து கேட்டார். "நீங்க சொல்றது பொய்யின்னு நா சொல்லல மேடம். எம்பொண்ண காப்பாத்திக்கிறீங்க, கையெடுத்துக் கும்புடறேன். ஆனா பேசறவன் அங்க வந்து பாக்கப் போறானா? டீக்கடையில குந்திக்கினு பேசறான். நாளைக்கு அவளுக்கு ஒரு மாப்பிள்ள பாக்கணும்."

துறைத் தலைவர் எழுந்து நடக்கத் தொடங்கினார். அந்தச் சிறிய கூடத்தில் மூன்று எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். திரும்பித் திரும்பி நடந்தார். சட்டென்று நின்று, "அப்ப பேசறவங்கள வந்து பாக்கச் சொல்லுங்க. பஸ் அனுப்புறேன்" என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து மேஸ்திரியின் அக்கா வெளியே வந்தார். அதுவரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர். "பஸ்ஸா? சும்மாவா?"

"சும்மாதான்."

"ஓட்ட கூரைய பாக்கறதுக்கு எவ வருவா? வேற இன்னா கீது அங்க?"

அந்த இடத்தில்தான் என் வாயிலிருந்து தானாக வந்தது: "வர்றது ரெண்டாவது சனிக்கிழமை, கல்லூரி லீவு. புரட்டாசி சனியும்கூட. பார்த்துட்டு அப்படியே ஸ்ரீபெரும்புதூர் பெருமாளையும் சேவிச்சிட்டு வரலாம்."

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அக்கா.

அந்தச் சனிக்கிழமை பேருந்து கொள்ளவில்லை. தளிகைக்குப் பாத்திரம், துளசி மாலை, கைக்குழந்தை என்று மணிமங்கலத்துப் பெண்கள் என் ஒழுங்கையெல்லாம் கலைத்து ஏறினார்கள். காலி வரிசையில் மூன்று பேர் உட்கார்ந்து, நான் படியில் நின்று வந்தேன். காப்பீட்டுக்காரர்கள் வந்து பார்க்கும்வரை எதையும் தொடக் கூடாது என்பதால் கூடம் அன்று கிடந்தபடியே கிடந்தது. கலகலப்பாக இறங்கியவர்கள் வாசலுக்கு வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். முன்வரிசை நாற்காலி ஒன்றின் இருக்கையைத் துளைத்துக்கொண்டு ஒரு ஷீட் துண்டு நின்றது. "உங்க பொண்ணு இங்கதான் உக்காந்திருந்தா" என்று துறைத் தலைவர் அந்தப் பெண்ணின் தாயிடம் சொன்னார். அந்த அம்மாள் துண்டின்மேல் கை வைத்தார், உடனே எடுத்துக்கொண்டார்.

பேருந்து வந்த செய்தி கேட்டு முதல்வர் பதறி வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். "நீதான் இங்க பெரியவரா? எம்புள்ளைங்கள இதுக்குள்ள குந்த வெக்கச் சொன்னது ஆரு?" முதல்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பசங்க கூட குந்தினா மானம் போவும்தான், யாரு இல்லன்றாங்க? மானத்த வூட்டுக்கு எடுத்தாறதுக்கு ஆளு வோணும் இல்ல நைனா?"

அன்று மாலை மணிமங்கலம் டீக்கடையில் பேசியது அந்தப் பெண்கள். திங்கட்கிழமை காலை மேஸ்திரியே மகளை நிறுத்தத்துக்குக் கூட்டிவந்து, அவள் ஏறும்வரை நின்று, என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார்.

நான் இப்போது ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் போக்குவரத்துப் பிரிவில் இருக்கிறேன். ஷிப்ட் பேருந்துகளில் ஆணும் பெண்ணும் கிடைத்த இடத்தில் உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் தூங்கி வருகிறார்கள். பயிற்சிச் சங்கு ஒலித்தால் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். யார் பக்கத்தில் யார் என்று எவரும் பார்ப்பதில்லை. பார்ப்பது நான் மட்டும்தான், பார்ப்பது கூரையை. ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. அந்த மனிதர் ஏற்றிவிட்டுப் போன அமைதியின்மை மட்டும் எனக்குள் மாறவில்லை.

அவரைப் பற்றி நினைக்கும்போது மனத்தில் வந்து நிற்பது அந்தச் சனிக்கிழமைகூட அல்ல, அதற்கு அடுத்த வாரம். முதல்வர் தம் கைப்பட எழுதிய புதிய திட்டம் பலகையில் ஏறியிருந்தது. பெண்கள் தாழ்வாரத்துக்கு, ஆண்கள் கூடத்துக்கு. துறைத் தலைவர் அதை ஒருமுறை படித்தார், மறுமுறையும் படித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெளியே சாரம் கட்டிக்கொண்டிருந்த கூரையாட்களை எட்டிப் பார்த்தார்.

"தம்பி, அவங்க முடிக்கறதுக்குள்ள இன்னொரு பஸ் வேணும். பசங்களுக்கும் அம்மா இருக்காங்கல்ல? இந்தத் தடவை எந்தக் கோயில்னு யோசிச்சு வைங்க."