அம்மாவுக்காக ஒரு பாவசங்கீர்த்தனம்

அந்த யோசனை எனக்கு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நடந்த ஞானோபதேச வகுப்பில். சிஸ்டர் எங்களைக் கண்ணை மூடச் சொன்னார். ஐந்து நிமிடம் ஆத்தும சோதனை. இந்தக் கிழமை என்ன பிழை செய்தேன், யாரை நோகடித்தேன் என்று அவரவர் தன்னைத்தானே பார்க்க வேண்டும். எனக்குப் பத்து வயது, எதையும் வேகமாகச் செய்கிற பெண்பிள்ளை. ஒரு நிமிடத்துக்குள் என்னுடைய பாவங்கள் முடிந்துவிட்டன. தம்பியைக் கிள்ளியது, செபம் சொல்லும்போது நித்திரை கொண்டது, அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் சிஸ்டர் ஏசுவார். மிச்ச நாலு நிமிடத்தையும் வீணாக்குவானேன் என்று அம்மாவைச் சோதிக்கத் தொடங்கினேன்.

சோதிக்க நிறைய இருந்தது. எட்டு மாதமாக அம்மா சின்னம்மாவோடு கதைப்பதில்லை. சின்னம்மா அம்மாவின் சொந்தத் தங்கை, வீடு பனையோலை வேலிக்கு அந்தப் பக்கம். ஏன் கதைப்பதில்லை என்று கேட்டால், "எங்கட கோழி வேலியாலை அங்கால போட்டுது, அதுதான்" என்பா. அதைவிட மோசம், அந்த எட்டு மாதமும் அம்மா பூசையில் நன்மை எடுக்கவில்லை, சுவாமி நாக்கில் வைக்கிற அப்பத்தை வாங்கவில்லை. தீவில், ஊர்காவற்றுறைப் பக்கத்தில் எங்களுடையது சின்ன ஊர், எல்லாம் கடற்தொழில் செய்கிற கத்தோலிக்க வேதக்காரக் குடும்பங்கள். நன்மை நேரத்தில் கோயிலே எழும்பி முன்னுக்குப் போகும். சின்னம்மா தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் போவா. அம்மா மட்டும் பாயில் இருந்தபடி தம்பியின் சட்டைத் தெறியைப் பூட்டிக்கொண்டிருப்பா. பூட்டிய பொத்தானைத்தான் திரும்பத் திரும்பப் பூட்டுவா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். "உங்கட அம்மா என்ன பெரிய பாவம் செய்தவ?" என்று என்னோடு படித்த ஒருத்தி கேட்டே விட்டாள்.

உயிர்த்த ஞாயிறுக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. அன்றைக்கு அம்மா எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து நன்மை எடுக்க வேண்டும். அதை நான்தான் செய்து முடிப்பது என்று தீர்மானித்தேன்.

முதலில் நேராகவே போனேன். குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"அம்மா, உங்கட ஆத்தும சோதனை முடிஞ்சுதோ?"

"கிணத்தடியிலை உன்ரை சட்டை ரெண்டு நாளாக் கிடக்கு. முதல்லை அதைத் தோய்."

இப்படி ஒரு ஆளை எப்படித்தான் திருத்துவது? மூன்று நாள் விதம் விதமாகச் சொல்லிப் பார்த்தேன். சகோதரத்தோடு கோபமாய் இருந்தால் செபம் கேட்கப்படாது என்றேன். "ஓம்" என்றா. மன்னித்தால்தான் மன்னிப்புக் கிடைக்கும் என்றேன். அதற்கும் "ஓம்" என்றா. எல்லாவற்றுக்கும் ஓம் என்றுவிட்டு ஒன்றும் செய்யாத ஆளோடு மல்லுக்கட்டி எனக்குக் களைத்துவிட்டது. கடைசி வழி சுவாமிதான்.

பெரிய வெள்ளிக்கு முதல் புதன் பின்னேரம், பாவசங்கீர்த்தனம் கேட்க வெளியிலிருந்து ஒரு வயதான சுவாமி வந்தார். அவருக்கு இடது காது சுத்தமாகக் கேளாது. இது ஊருக்கே தெரியும். அவர் இருக்கிற மரக்கூட்டுக்கு இரண்டு பக்கமும் தட்டி, அதற்குள்ளால்தான் பாவங்களைச் சொல்வது. வலப்பக்கத் தட்டியில் பெண்களின் நீண்ட வரிசை. இடப்பக்கத்தில் ஆண்கள், ஆளுக்கு அரை நிமிடம். முணுமுணுப்பார்கள், எல்லோருக்கும் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் கிடைக்கும், எழும்பிப் போவார்கள். வருடம் முழுக்கக் கள்ளுக் குடித்தவரும் அன்றைக்கு வலு சந்தோசமாக வெளியே வருவார். எனக்கு அவசரம், அதனால் ஆண்களின் பக்கத்தில் போய் நின்றேன்.

முழங்காலில் இருந்து, என்னுடைய இரண்டு பாவத்தையும் ஒப்புக்குச் சொல்லிவிட்டு, அம்மாவின் விசயத்துக்கு வந்தேன். எல்லாம் விபரமாகச் சொன்னேன். சுவாமி தலையாட்டினார். "மூண்டு அருள்நிறை மந்திரம் சொல்லு பிள்ளை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா செய்த பாவத்துக்கு நான் மந்திரம் சொல்வதோ? திரும்பவும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். திரும்பவும் மூன்று மந்திரம். மூன்றாவது முறை தட்டியில் வாயை வைத்து, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்:

"எங்கட அம்மா ஒரு கோழிக்காகச் சின்னம்மாவோட எட்டு மாசமாக் கதைக்கிறேல்லை, சுவாமி! நன்மையும் எடுக்கிறேல்லை! நீங்கள் கூப்பிட்டுப் பேச வேணும்!"

சுவாமி முழுதாகத் திரும்பி, கேட்கிற காதைத் தட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்தார்.

"அது அம்மாவின்ரை, பிள்ளை. உன்ரை எங்கை?"

"எனக்குப் பெரிசா ஒண்டும் இல்லை, சுவாமி."

அவர் சிரித்தாரா இருமினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வந்தபோது பெண்களின் வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. நடுவில் அம்மா. அம்மாவுக்கு நாலைந்து பேர் பின்னால் சின்னம்மா. முன் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு அடக்க ஏலவில்லை.

"உண்மையோ அக்கா? ஒரு கோழிக்கே இவ்வளவும்?"

அம்மா சின்னம்மாவை ஒரு தரம் பார்த்தா. பிறகு, "ஓம். கோழிதான். நல்ல முட்டைக்கோழி" என்றா.

வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. சின்னம்மா மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, பாவசங்கீர்த்தனம் செய்யாமலே வரிசையை விட்டுப் போய்விட்டா. அம்மா எனக்கு அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. அடித்திருந்தால் எவ்வளவோ நல்லாயிருந்திருக்கும்.

உயிர்த்த ஞாயிறு காலை நான் தனியாகத்தான் முன்னுக்குப் போனேன். திரும்பி வரும்போது பார்த்தால், அம்மா வழக்கம் போல் பாயில். அங்கால் சின்னம்மாவும் எழும்பாமல் இருக்கிறா! ஒன்றைத் திருத்தப் போய் இரண்டாகிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவை அரித்தேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் அம்மா நின்றா.

"பொய்யை வைச்சுக்கொண்டு நாக்கை நீட்ட எனக்கு ஏலாது, பிள்ளை."

என்ன பொய் என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவின் பாவங்களில் பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

அவர்கள் பிறகு எப்போது கதைக்கத் தொடங்கினார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் சின்னம்மா எங்கள் குசினியில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. இவ்வளவு பாடுபட்ட என்னிடம் ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

தீவை விட்டு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில்தான் அப்பா ஒருநாள் அந்தக் கோபத்தின் உண்மைக் காரணத்தைச் சொன்னார். அவருடைய வள்ளம் எஞ்சின் பழுதாகி நெடுந்தீவுப் பக்கம் இழுபட்டுப் போன அன்று, அம்மா ஓடிப்போய்ச் சின்னம்மாவின் புருசன் சித்தப்பாவைத் தேடப் போகச் சொல்லிக் கேட்டிருக்கிறா. போர்க்காலம், கடற்படைப் படகுகள் திரிந்த நேரம். சின்னம்மா வாசலில் குறுக்கே இருந்து, "அவரை விடமாட்டன் அக்கா" என்றிருக்கிறா. அப்பாவை அடுத்த நாள் நெடுந்தீவு ஆட்கள் கட்டி இழுத்து வந்தார்கள். ஆனால் அம்மாவால் அந்த வாசலைத் தாண்ட முடியவில்லை. மன்னித்துவிட்டேன் என்று ஊருக்குச் சொல்லியிருக்கலாம், ஆண்டவரிடம் சொல்ல முடியவில்லை. அதனால் முன்னுக்குப் போகவில்லை. தங்கையை ஊர் குறை சொல்லக்கூடாது என்று கோழிக் கதையையும் விடவில்லை. எங்கள் வீட்டில் ஆத்தும சோதனையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த ஒரே ஆளைத்தான் நான் திருத்தப் புறப்பட்டிருக்கிறேன்.

அதன்பிறகு எத்தனையோ தரம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டேன், அந்தப் புதன்கிழமையை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. வருகிற சனிக்கிழமை சுவாமியிடம் போக முன் அம்மாவிடம் கேட்பதாக இருக்கிறேன். "போடி விசரி" என்பா, அது பரவாயில்லை. கேட்கப் போகிற மன்னிப்பை நேற்று எழுதிப் பார்த்தேன். முதல் வரியிலேயே சிஸ்டர் வந்து நின்றார், வகுப்பில் அவர் சரியாக விளங்கப்படுத்தவில்லையாம். அதைக் கிழித்துவிட்டு எழுதினால் சுவாமியின் காது வந்தது. மூன்றாவதில் அம்மாவே வந்தா, உண்மையை அப்போதே சொல்லியிருக்கலாம்தானே என்று. இன்றைக்கு வேறு ஒருவருடைய பிழையும் இல்லாமல் ஒரு வரி எழுதிப் பார்க்க வேண்டும்.