மாரிஸின் முழங்கால்

மாரிஸைத் திட்டாமல் அவன் கதையைச் சொல்ல எனக்கு வராது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். தங்கமான மனுஷன், வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் திறக்க மாட்டான்.

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு முழங்கால் வீங்கும். வீட்டில் வாதம் என்றார்கள். இருபத்திரண்டு வயதில்தான் ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள், ஹீமோஃபீலியா என்று. இரத்தம் சீக்கிரம் உறையாது. மூட்டுக்குள்ளேயே கசிந்து கட்டிக்கொள்ளும்.

"வீங்கினா ஐஸ் வை. நடக்காதே, தேய்க்கவே கூடாது. இது அம்மா வழியா வர்றது, தங்கச்சியையும் ஒரு நாள் கூட்டிட்டு வா," என்றார் டாக்டர்.

ஐஸ் வைத்தான். தங்கச்சியைக் கூட்டிப் போகவில்லை. கிள்ளானை அடுத்த மேருவில் டோரிஸுக்கு அப்போதுதான் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். இரத்தத்தில் நோய் என்று தெரிந்தால் யார் கட்டுவார்கள் என்று பயந்து, அவளிடம்கூட மூச்சு விடவில்லை.

"வாதத்துக்கு யாராச்சும் ஐஸ் வைப்பாங்களா லா?" என்று அவள் கேலி செய்வாள். சிரித்து மழுப்பிவிடுவான்.

எழுபத்தெட்டாம் வருஷம் டோரிஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பார்க்கிறார்களே என்று, மாதா கோயிலில் எல்லோரோடும் சேர்ந்து இவனும் முழந்தாளிட்டான். மறுநாள் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கால் மடங்கவே இல்லை. அதிலும் மடையனுக்கு ஒரு பெருமை: "தங்கச்சி நல்லா இருக்கா, அது போதும்."

நன்றாகத்தான் இருந்தாள், மகன் பேசிலுக்கு நாலு வயதாகும்வரை. பிள்ளை விழுந்து முழங்கால் வீங்கியது. மாமனுக்கு வந்த வாதம்தான் என்று நினைத்தாள். மாமியார் பாசமாக எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார். பிள்ளை அலற அலற ஒரு வாரம் தேய்த்தார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது மூட்டு கெட்டுப்போயிருந்தது.

வார்டு வாசலில் மாரிஸ் எல்லாவற்றையும் கொட்டினான். அவனைத் தாங்கிப் பிடித்து அங்கே அழைத்துப் போனவன் நான்தான்.

"ஐஸ் எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றாள் டோரிஸ்.

அவள் கணவர் கத்தவில்லை. "தெரிஞ்சிருந்தாலும் நான் டோரிஸைத்தான் கட்டியிருப்பேன், மச்சான்," என்றார்.

மாரிஸ் அவர் முன்னால் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்கப் பார்த்தான். கால் மடங்கவில்லை.