தெய்வசிகாமணி சார் புதைத்த ஜாடி

கச்சிராயபாளையம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் வேதியியல் நடத்திய தெய்வசிகாமணி, அமிலத்தைவிடக் கண்டிப்பான மனிதர். "மிச்ச ஆசிட்ட தொட்டியில ஊத்தாதீங்கடா. சுண்ணாம்பு போட்டு அடக்குங்க. ஜாடிக்கு லேபிள் ஒட்டுங்க. மண்ணுல புதைக்கிறவன் மனுஷனே இல்ல!" பிளஸ் டூ மாணவர்கள் இதைத் தேசிய கீதத்துக்குரிய மரியாதையோடு நின்றபடி கேட்பார்கள்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது. புளியமரங்கள் சாய்ந்தன, தார்ச்சாலையின் குறுக்கே பள்ளங்கள் விழுந்தன. பஸ் ஓடவில்லை, பள்ளியும் இல்லை. தலைமையாசிரியரோ, மறியல் முடிந்ததும் அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள், ஆய்வகத்தைச் சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

அலமாரியில் ஒரு ஜாடி நிறையப் பழைய கந்தக அமிலம் இருந்தது. முறைப்படி அடக்கினால் பொழுது போய்விடும், புகையும் கண்ணைக் கரிக்கும். சாலையிலோ பள்ளம் தயார்; அதை வெட்டிய சிரமம் போராட்டக்காரர்களுடையது. சார் ஜாடியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ப் பள்ளத்தில் இறக்கி, மண்ணைத் தள்ளி மூடினார். லேபிள் ஒட்டவில்லை. மண்ணுக்குள் போகிற பொருளுக்கு விலாசம் எதற்கு?

மறியல் முடிந்து சாலையைச் சீராக்க வந்த கூலியாட்களில் சாலம்மாளின் மண்வெட்டி அந்த ஜாடியில் பட்டது. அவள் பாதம் வெந்துபோனது. போலீசாரைக் கொல்ல வைத்த ஆசிட் குண்டு என்று போலீஸ் முடிவு கட்டியது. மரம் வெட்டியவர்களில் கெமிஸ்ட்ரி படிப்பவன், சாரின் பிளஸ் டூ மாணவன் வீரமுத்து ஒருவன்தான். வேறென்ன சாட்சி வேண்டும்? பிடித்துப் போட்டார்கள்.

சேதி தெரிந்ததும் சார் சைக்கிளை எடுத்தார். ஸ்டேஷனுக்குப் போனார்.

"அந்த ஜாடி என்னுதுங்க. நாந்தான் பொதச்சேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து, தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காருங்க சார். புள்ளைய காப்பாத்த இம்மாம் பெரிய பழிய ஏத்துக்கினு வந்துக்கிறீங்களே!"

"பழி இல்லீங்க, நெசம்."

"நீங்களாவது பொதைக்கிறதாவது! பொதைக்கிறவன் மனுஷனே இல்லன்னு நீங்க சொல்லிக் குடுத்தத இவனே இப்பதான் சொல்லிக்கினு இருந்தான்."

அந்தப் பெரிய மனசுக்காகவே வீரமுத்துவை விட்டுவிட்டார்கள். வாசலில் அவன் சாரின் காலில் விழப்போனான். சார், அமிலம் தெறித்தவர்போலப் பின்னால் தாவினார்.

அங்கிருந்து நேரே சாலம்மாள் வீட்டுக்குப் போனார். அவள் காலில் பெரிய கட்டு.

"சாலம்மா, ஜாடிய வச்சது நாந்தாம்மா."

அவள் சிரித்துவிட்டாள். "போலீசுக்குச் சொன்ன கதய எங்கிட்டயும் சொல்லிக்கினு! பையந்தான் வூட்டுக்கு வந்துட்டானே, வுடுங்க சார்."

"என்ன ஒரு தடவ திட்டிடும்மா."

"உங்கள இன்னாத்துக்குத் திட்டணும்? அத வச்சானே கட்டையில போறவன், அவன் கை அழுவிப் போவ! அவன் கண்ணு அவிஞ்சு போவ!"

சார் தலையைக் குனிந்துகொண்டு ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"இன்னும் திட்டும்மா" என்றார்.